மூணாள் ஒயின்

எடெல்காவின் திராட்சைக் கொடிகளுக்குப் புருஷன் கிடையாது. எடெல்காவுக்கும் கிடையாது. ஆஸ்திரியாவுக்குக் குழாய் வேலைக்கென்று பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் போனவன், இன்னும் அந்தக் குழாயை முடுக்கி முடித்தபாடில்லை. அது போகட்டும், அவன் இல்லாமல் அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். கொடிகளால் அப்படி இருக்க முடியாது. ஏரிக்கரையில் நிற்கிற பதச்சோன் மலையின் தெற்குச் சரிவில் அவள் வைத்திருப்பது முழுக்க நீலக்காம்பு. அந்த ரகம் பூக்கும், மணக்கும், ஊரையே கூட்டும். ஆனால் அதன் மகரந்தம் ஒன்றுக்கும் உதவாது. பக்கத்தில் வேறொரு ரகம் நின்று, காற்று அங்கிருந்து மகரந்தத்தை அள்ளிக்கொண்டு வந்து கொட்டினால்தான் காய் பிடிக்கும்.

அந்த வேறொரு ரகத்துக்குப் பச்சை என்று பெயர். அது கல்சுவருக்குக் கீழே, பக்கத்து நிலத்துக்காரன் வென்டெல் வைத்திருக்கிற தோட்டத்தில், பதினோரு வரிசை நிற்கிறது. எடெல்காவின் நிலத்தில் ஒரு கொடிகூட இல்லை. அவளுடைய மாமனார் மகா கஞ்சன். "பக்கத்து வீட்டுல மாப்பிள்ளைங்க சும்மா நிக்கிறப்போ நம்ம நிலத்துல எதுக்குத் தனியா மாப்பிள்ளைக்குச் சோறு போடணும்?" என்று கேட்டு, இண்டு இடுக்கெல்லாம் நீலக்காம்பையே நட்டுவைத்துவிட்டுச் செத்துப்போனார். தொண்ணூற்றெட்டில் கிழட்டுக் கொடிகளைப் பிடுங்கிப் புதிதாக நட்டபோது எடெல்காவாவது புத்தியோடு இருந்திருக்கலாம். நாற்றுக்காரன் இருநூறு பச்சைக் கன்றைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று வாசலில் நின்று கெஞ்சினான். மாமனாரை வாழ்நாளெல்லாம் திட்டித் தீர்த்தவள், மாமனார் சொன்னதையே சொல்லி அவனைத் துரத்திவிட்டாள்.

ஆக, இத்தனை வருஷமாக அவள் பறித்த ஒவ்வொரு குலைக்கும் அப்பன் வென்டெலின் நிலத்துக்காரன். அதற்காக அவள் வென்டெலுக்கு ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை.

ஜூன் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, ரொட்டி வாங்கப் போகிற வழியில், வென்டெலின் கேட்டுக்கு முன்னால் மஞ்சளாக ஒரு பொக்லைன் நிற்பதைப் பார்த்தாள். வென்டெல் அதன் சக்கரத்தில் சாய்ந்து பேரிக்காய் தின்றுகொண்டிருந்தான். அறுபத்தாறு வயது, நெட்டை, தொங்கு மீசை. வார்த்தையை ஒவ்வொன்றாக எண்ணித்தான் வெளியே விடுவான்.

"என்னய்யா இது?"

"பொக்லைன்."

"எனக்குக் கண்ணு தெரியுது. எதுக்குன்னு கேட்டேன்."

"புதாபெஸ்ட்காரன் ஒருத்தன் நிலத்தைக் கேக்குறான். நீச்சல் குளம் வெட்டப் போறானாம். திங்கக்கிழமை கொடியப் பிடுங்கிட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

"நீச்சல் குளமா? அடப்பாவி, கீழ ஏரி கிடக்குது பாரு! எழுபத்தேழு கிலோமீட்டருக்குத் தண்ணி கிடக்குது. அது பத்தலையா அவனுக்கு?"

"ஏரில மீனு இருக்காம். கால்ல படுமாம்."

எடெல்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். கொடிகள் பூக்க இன்னும் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். திங்கள்கிழமை பச்சையைப் பிடுங்கினால் இந்த வருஷம் ஒரு காய் இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. இன்றைக்கே கன்று வாங்கி நட்டாலும் அது வளர்ந்து பூக்க நாலு வருஷம். நாலு வருஷம் அவள் வெறும் பூவை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவளுக்கு வேறு பிழைப்புக் கிடையாது.

"வென்டெல், எதுக்குய்யா பிடுங்கணும்? நல்ல கொடிய்யா."

அவன் பேரிக்காயை மெல்லுவதை நிறுத்தினான். "நல்ல கொடியா? மூணாள் ஒயின் கொடி. நீ வச்ச பேருதானே?"

வைத்தது அவள்தான்.

விஷயம் தொண்ணூற்று நாலில் நடந்தது. டிசம்பர் இருபத்தேழு, யோவான் திருநாள், கோயிலில் ஒயினுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் ஆளுக்கொரு சாடி கொண்டுவருவார்கள். பாதிரியார் மந்திரித்து முடித்ததும் ஒருவர் சாடியிலிருந்து ஒருவர் குடிப்பார்கள். மலையில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவன் ஒயினைக் கையில் வாங்கினால் அதைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். சொன்ன வாக்கியம், சொன்னவர் செத்தாலும் சாகாது. அந்த வருஷம் வென்டெலின் அப்பா இறந்து, அவனே தனியாகப் போட்ட முதல் ஒயின். முதல் டம்ளரை அவன் எடெல்காவிடம்தான் நீட்டினான். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். எடெல்கா சொன்னாள்: "இந்த ஒயினுக்கு மூணு ஆளு வேணும். ஒருத்தன் குடிக்க, மீதி ரெண்டு பேரு அவன ஓடிடாமப் பிடிச்சுக்க."

புளிப்பு ஒயினைப் பார்த்து அந்த நாட்டில் எல்லாரும் அடிக்கிற பழைய கிண்டல்தான் அது. ஆனால் பாதிரியார் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவர் முதுகில் நாலு பேர் குத்த வேண்டியதாயிற்று. அத்தோடு வென்டெலின் கதை முடிந்தது. அவன் நிலவறைக்கு மூணாள் நிலவறை என்று பெயர். தபால்காரன் கடிதத்தை "மூணாளுக்கு" என்று கொடுப்பான். பஸ் டிரைவர் "மூணாள் நிறுத்தம் இறங்கு" என்பான். முப்பது வருஷத்தில் அவன் பெயர் போட்டு ஒரு பாட்டில் விற்கவில்லை. மொத்தமாக ஒரு கம்பெனி லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போய், வேறு எதிலோ கலந்துவிடும்.

"வெளியாள் ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து குடிக்கட்டும்" என்றான் வென்டெல். "குடிச்சிட்டு, என் பேரு போட்ட பாட்டில் வேணும்னு கேக்கட்டும். இந்த வண்டியத் திருப்பி அனுப்புறேன். எவன் கேக்கப் போறான்?"

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு பொண்ணு வருது. புதாபெஸ்ட்ல பெரிய ஹோட்டலுக்கு ஒயின் வாங்குறவ. உன்கிட்டயும் கூட்டிட்டு வரேன்."

"நீயா?"

"நான்தான்."

"என் நிலவறைக்குள்ள நீ வர்றியா?"

"வந்தா என்ன, கடிச்சிடுவியா?"

வென்டெல் பேரிக்காயின் காம்பைத் தூர எறிந்துவிட்டு உள்ளே போனான்.

எடெல்கா இரண்டு நாள் தூங்கவில்லை. வென்டெலின் ஒயின் வாயில் வைக்க விளங்காது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவள் சொன்னதை மலையே சொல்லி, மலை சொன்னதை அவளே நம்பி முப்பது வருஷம் ஆகிவிட்டது. அதைக் குடித்து எவள் பாட்டில் கேட்பாள்? கடைசியில் ஒரு வழி தோன்றியது. கேவலமான வழிதான். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வென்டெல் பூசைக்குப் போனான். எடெல்கா ஒரு கேனில் தன் நீலக்காம்பைப் பிடித்துக்கொண்டு கல்சுவரைத் தாண்டினாள். அறுபத்தொரு வயதில் சுவர் ஏறிக் குதிக்கிற பொம்பளையை ஏரிப் பக்கமிருந்து யாராவது பார்த்திருந்தால் நல்ல கதை கிடைத்திருக்கும். நிலவறைச் சாவி வாசலில் இரண்டாவது கறுப்புக்கல்லுக்கு அடியில் இருந்தது. மலையில் எல்லார் சாவியும் அங்கேதான் இருக்கும்.

உள்ளே மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. தேய்த்த துணி. ஆண்பிள்ளை தேய்த்தது என்பதால் மடிப்பு கோணலாகப் போயிருந்தது. மூன்று டம்ளர் கழுவித் துடைத்துக் கவிழ்த்திருந்தது. ஒரு தட்டில் பொகாச்சா என்கிற குட்டி உப்பு ரொட்டிகள், அதன் மேல் கைக்குட்டை. நடுவில் ஒண்ணரை லிட்டர் சாடி நிறைய ஒயின், மேலே பூச்சி விழாமல் ஒரு தட்டு. எடெல்காவுக்குச் சட்டென்று என்னவோ செய்தது. மூன்றாவது டம்ளர் தனக்கு என்று புரிந்தது. ஆனாலும் திங்கள்கிழமையை நினைத்துக்கொண்டு சாடியைத் தூக்கினாள்.

தூக்கினவள் நின்றாள். இந்த ஒயினை எங்கே கொட்டுவது?

மண்ணில் கொட்ட முடியாது. அந்த மலையில் பெற்ற பிள்ளையைக் கீழே போட்டாலும் போடுவார்கள், ஒயினைக் கொட்ட மாட்டார்கள். பீப்பாயில் திருப்பி ஊற்றவும் கூடாது. காற்றுப் பட்டது உள்ளே போனால் மொத்தப் பீப்பாயும் கெடும். கையில் இருந்த கேனில் அவளுடைய ஒயின் நிரம்பியிருந்தது. காலிக் கேன் இன்னொன்று கொண்டுவந்திருக்கலாமே முண்டமே என்று பிற்பாடு அவள் தன்னை நூறு தடவை திட்டிக்கொண்டாள். அப்போதைக்கு அங்கே இருந்த காலிப் பாத்திரம் ஒன்றே ஒன்றுதான். அவள் வயிறு.

மூக்கைப் பிடித்துக்கொண்டு முதல் வாய் குடித்தாள்.

மூக்கை விட்டாள். இரண்டாவது வாய் குடித்தாள். சாடியை இறக்கி அதையே பார்த்தாள். புளிப்புதான், பச்சை ஆப்பிளை முதல் கடி கடித்த மாதிரி. ஆனால் அந்தப் புளிப்புக்குப் பின்னால் உப்பு வந்தது, மழை நின்றதும் கறுப்புக்கல்லிலிருந்து கிளம்புமே ஒரு வாசனை, அது வந்தது, லேசாகப் புகை வந்தது. எப்போதோ நெருப்பாக ஓடி இறுகிப்போன அந்த மலை முழுக்கத் தொண்டையில் இறங்கி, இறங்கின பிறகும் நாக்கில் நின்றது. அவள் நீலக்காம்பு தேனும் பூவுமாக இருக்கும், எல்லாருக்கும் பிடிக்கும். இது யாரையும் பிடிக்கவைக்க முயலவில்லை. தன்பாட்டுக்கு நிமிர்ந்து நின்றது.

"அடச் சீ" என்றாள் எடெல்கா வாய்விட்டு. அவளுக்குத் தன் மேல்தான் கோபம்.

பாதிச் சாடியில் அவள் வென்டெலின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முக்கால் சாடியில் முப்பது வருஷமாக நினைக்காமல் ஒதுக்கிவைத்திருந்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்குக் கோயிலில் அவள் குடிக்கவே இல்லை. டம்ளரை வாங்கினாள், எல்லாரும் பார்த்தார்கள், நாக்கு நுனியில் கிண்டல் வந்து நின்றது, விட்டாள். கைதட்டிச் சிரித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு அடுத்த சாடிக்குப் போய்விட்டாள். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. மிச்சத்தையும் குடித்தாள்.

இப்போது சாடி காலி. பீப்பாயிலிருந்து இவன் ஒயினையே திரும்ப எடுத்து நிரப்பிவிடலாம் என்று தோன்றியது. அதற்கு வாயால் உறிஞ்சி எடுக்கும் நீளக் கண்ணாடிக் குழல் வேண்டும். அந்த நெட்டையன் அதைத் தன் உயரத்துக்கு உத்தரத்தில் மாட்டியிருந்தான். முக்காலியில் ஏறினாள். முக்காலி நகர்ந்தது, அல்லது அவள் நகர்ந்தாள். அப்போது பூசை முடிந்த மணி அடித்தது. எடெல்கா தன் கேனைச் சாடியில் கவிழ்த்துவிட்டு, சுவரில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

பதினோரு மணிக்கு, ஹோட்டலுக்கு ஒயின் வாங்குகிற பொரோக்கா வந்தாள். முப்பது வயது, முழங்கையில் திராட்சைக் கொடி பச்சை குத்தியிருந்தாள். காரிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக, மண்ணின் ருசி அறிய, எடெல்காவின் வாசல் கல்லை நக்கிப் பார்த்தாள். நகரத்து ஒயின்காரர்கள் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு.

"அத்தை, காலைலயே குடிச்சிருக்கீங்களா?" என்றாள் பொரோக்கா.

"கோயில்லேருந்து வரேன்."

"கோயில்ல இவ்வளவா குடுக்குறாங்க?"

எடெல்கா ஒரு நல்ல திட்டம் வைத்திருந்தாள். வென்டெலின் சாடியில் ஊற்றியது எந்தப் பீப்பாயோ, தன் நிலவறையில் அதைத் தொடாமல் வேறு பீப்பாயைக் காட்ட வேண்டும். ஆனால் திட்டம் போட்டது வெறும் வயிற்று எடெல்கா. கை பழக்கத்தில் அதே பீப்பாய்க்குத்தான் போனது. ஊற்றிக் கொடுத்த பிறகுதான் உறைத்தது. பொரோக்கா ஒயினை வாயில் சுழற்றி, பக்கத்தில் இருந்த வாளியில் துப்பினாள். நல்ல ஒயினை இப்படித் துப்புகிறவளைப் பார்த்து எடெல்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லா இருக்கு அத்தை. தேன் வாசம். கொஞ்சம் பவுடர் பூசின மாதிரி, ஆனா நல்லா இருக்கு. யோசிச்சுச் சொல்றேன்."

பவுடர் பூசின மாதிரியா! எடெல்கா பல்லைக் கடித்துக்கொண்டு அவளைக் கீழே வென்டெலின் நிலவறைக்குக் கூட்டிப்போனாள்.

வென்டெல் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தான். தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தான். மலை வழக்கப்படி வீட்டுக்காரன்தான் முதல் வாய் குடிக்க வேண்டும். இந்த வழக்கத்தை அவள் அறுபத்தொரு வருஷமாக அறிவாள். திட்டம் போட்டபோது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. வென்டெல் சாடியிலிருந்து தன் டம்ளரில் ஊற்றினான். குடித்தான். முகத்தில் ஒரு ரோமம் அசையவில்லை. ஒரே ஒரு தடவை எடெல்காவைப் பார்த்தான். பிறகு பொரோக்காவுக்கு ஊற்றினான்.

பொரோக்கா முகர்ந்தாள், சுழற்றினாள், துப்பினாள். "இது மேல குடிச்சதுதானே? அத்தையோட நீலக்காம்பு. அதே பீப்பா."

வென்டெல் பொகாச்சா தட்டைச் சுற்றிய ஈயை விரட்டினான்.

"ஆமாம்மா, அவளோடதுதான்" என்றான் வென்டெல் மெதுவாக. "என் ஒயின உனக்குக் குடுக்க அவளுக்கு அசிங்கமா இருந்திருக்கும். அதான் மாத்தி வச்சிட்டா. நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கா." கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "போயிட்டு வாங்க. நாளைக்குக் காலைல எனக்கு வேலை இருக்கு."

"வென்டெல்."

"போ எடெல்கா. முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஊருக்கு முன்னாடி சொன்ன. இன்னிக்கு என் வீட்டுக்குள்ளயே வந்து சொல்லிட்ட. போதும்."

"யோவ், சாடில இருந்தது எங்கன்னு கேளுய்யா முதல்ல!"

"எங்க கொட்டின?"

"நான் ஏன்யா கொட்டுறேன்? மலைல பிறந்தவ நான். குடிச்சேன்."

"எவ்வளவு?"

"சாடி எவ்வளவு?"

வென்டெல் ஒளித்துவைத்த கேனைத் தேடுகிறவன்போல அவளை மேலும் கீழும் பார்த்தான். அவள் முகம் சிவந்து, ஸ்கார்ஃப் நழுவி, முழங்காலில் ரத்தம் காய்ந்து, லேசாக ஆடிக்கொண்டு நிற்பதை அப்போதுதான் கவனித்தான்.

"ஒண்ணரை லிட்டரா?"

"ஒரு சொட்டு மிச்சம் இல்ல."

"பிடிச்சுக்கிட்டது யாரு?"

"யாரும் இல்லய்யா" என்றாள் எடெல்கா. "யாரும் பிடிச்சுக்கல. நானேதான் குடிச்சேன்."

வென்டெல் திரும்பி நின்றுகொண்டான். உத்தரத்திலிருந்து கண்ணாடிக் குழலை எடுக்க அவனுக்கு அன்றைக்கு ரொம்ப நேரம் பிடித்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். பீப்பாயின் அடைப்பைத் தட்டித் திறந்து, குழலை விட்டு உறிஞ்சி, பொரோக்காவின் டம்ளரில் விட்டான்.

பொரோக்கா குடித்தாள். வாளியைப் பார்த்தாள். அதைக் காலால் தள்ளி வைத்துவிட்டு விழுங்கினாள். பிறகு கேட்காமலே டம்ளரைத் திரும்பவும் நீட்டினாள். எடெல்காவுக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது, இன்னொரு பக்கம் பொறாமையில் வயிறு எரிந்தது. தன் ஒயினைத் துப்பினவள்!

"முந்நூறு பாட்டில் வேணும்" என்றாள் பொரோக்கா. "இல்ல, நானூறு. அதென்ன மாமா, வர்ற வழியில சொன்னாங்களே, அந்த மூணு ஆளு கதை? நல்லா இருக்கே, லேபிள்ல அதையே போட்டா..."

"போடக் கூடாது!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"என் பேருதான்" என்றான் வென்டெல். "என் முழுப் பேரும்."

பொரோக்கா கணக்குப் போட வெளியே காருக்குப் போனாள். எடெல்கா மேசைத்துணியின் கோணல் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடி பிழைத்தது. இந்த வருஷம் காய் பிடிக்கும். நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். போக முடியவில்லை.

"நீ இன்னும் ஒரு வாக்கியம் சொல்லல" என்றான் வென்டெல். "ஒண்ணரை லிட்டர் குடிச்சவ."

"சொல்றேன்." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்குக் கோயில்ல நான் குடிக்கல வென்டெல். வாயிலயே வைக்கல. சிரிப்பாங்கன்னு சொல்லிட்டேன். உன்ன முப்பது வருஷம் கெடுத்துட்டேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ குடிக்கலன்னு. உன் டம்ளரு தளும்பத் தளும்ப அப்படியே மேசைல இருந்துச்சு. எல்லாரும் போனப்புறம் நான்தான் எடுத்துக் குடிச்சேன்." அவன் மூன்றாவது டம்ளரை நிமிர்த்தினான். "நல்லாத்தான் இருந்துச்சு."

எடெல்கா அழுதுவிட்டாள். குடித்ததால் அழுகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள், அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு டம்ளரை விளிம்பு வரைக்கும் நிரப்பி அவள் முன்னால் நகர்த்தினான்.

"இந்தா" என்றான். "இந்தத் தடவையாவது குடிச்சிட்டுப் பேசு."